டைனோசர் நின்ற இடத்தில் பள்ளம்

மழை கொட்டும் இரவு. மின்சாரம் போய்விட்டது. காட்டுச் சாலையில் இரண்டு கார்கள் நகர முடியாமல் நிற்கின்றன. முன்னால் நிற்கும் காரின் டாஷ்போர்டில் பிளாஸ்டிக் தம்ளர்; அதிலுள்ள தண்ணீரில் வட்டவட்டமாக அதிர்வு. சற்று நேரம் கழித்து மறுபடியும். வேலிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டைக் காணோம். ஆடு எங்கே என்று சிறுமி கேட்கிறாள். அதன் கால் மட்டும் காரின் கண்ணாடிக் கூரைமேல் வந்து விழுகிறது. வேலிக் கம்பிகள் அறுந்து தெறிக்க, டைரனோசரஸ் ரெக்ஸ் நிதானமாக நடந்து சாலைக்கு வருகிறது.

1993இல் வந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் யாருக்கும் மறக்காத காட்சி இது. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டைனோசர் வெளியே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் தரை இருந்தது. ஆடு நின்றதும் அந்தத் தரையில்தான். சில நிமிடங்களில் அதே டைனோசர், அதே பக்கத்துச் சுவருக்கு அப்பால் காரை முட்டித் தள்ளுகிறது. இப்போது அங்கே தரை இல்லை; செங்குத்தான பள்ளம். கார் விழுந்து ஒரு பெரிய மரத்தில் சிக்கிக்கொள்கிறது. படத்தின் கதாநாயகன் டாக்டர் கிராண்ட் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, சிறுமியைச் சுமந்துகொண்டு சுவரில் இறங்குகிறார்.

படத்தின் தீவிர ரசிகர்கள் இதற்கு வரைபடமே போட்டு வாதாடுகிறார்கள். ஆடு நின்றது ஒரு மேடு, பக்கத்தில் அகழி, கார் சுழன்று சற்றுத் தள்ளிப் போய்விட்டது என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். அந்த மேட்டையும் அகழியையும் படம் நமக்குப் புரியும்படி காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை. காருக்குள் மாட்டிக்கொண்ட பையன் பிழைப்பானா என்பதுதான் அப்போது நம் கவலை.

முதலில் எளிய விளக்கத்திலிருந்து தொடங்கலாம். ஒரு படத்தைப் பார்க்கும்போது நாம் நினைக்கிற அளவுக்கு எதையும் பார்ப்பதில்லை. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் ஒரு குறும்படத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். உணவகத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். காமிரா கோணம் மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே ஏதாவது ஒரு பிழை. ஒருத்தியின் கழுத்துத் துணி மறைகிறது, மறுபடி வருகிறது. மேஜையில் சிவப்புத் தட்டுகள் வெள்ளையாகின்றன. மொத்தம் 9 பிழைகள். பார்த்த 10 பேரில் ஒரே ஒருவர்தான் ஏதோ மாறியதுபோல் இருந்தது என்றார், அதுவும் மங்கலாக. பிழை இருக்கிறது, கவனித்துப் பாருங்கள் என்று சொல்லி மறுபடி போட்டுக் காட்டியபோதும், சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள்.

அதோடு விடவில்லை. இன்னொரு துண்டுப் படத்தில் ஒரு நடிகர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். காட்சி வெட்டப்பட்டு, வேறு ஒரு நடிகர் வந்து தொலைபேசியை எடுக்கிறார். ஆளே மாறிவிட்டதை மூன்றில் இரண்டு பங்குப் பேர் கவனிக்கவில்லை. ‘மேஜையருகே உட்கார்ந்திருந்தவர் போனை எடுக்கப் போனார்’ என்கிற அளவில் கதை சரியாக இருந்தது. அவர்களுக்கு அது போதும்.

படத்தொகுப்பாளர்களுக்கு இது ஆய்வகம் சொல்லித் தெரியவேண்டிய செய்தி இல்லை. ஒரு காட்சியின் இரண்டு டேக்கில் ஒன்றில் சிகரெட் நீளமாக, இன்னொன்றில் குட்டையாக இருக்கலாம். எதில் நடிகரின் கண்ணில் உயிர் இருக்கிறதோ அதைத்தான் நல்ல எடிட்டர் எடுப்பார். கன்டினியூட்டி உதைத்தால் உதைத்துவிட்டுப் போகட்டும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்தில், மவுண்ட் ரஷ்மோர் சிற்றுண்டிச்சாலையில் நாயகி துப்பாக்கியால் சுடுகிறாள். அவள் சுடுவதற்கு முன்பே பின்னணியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். ஒருமுறை யாராவது காட்டிக்கொடுத்துவிட்டால் பிறகு அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது. காட்டிக்கொடுக்கும்வரை அவன் இருப்பதே தெரியாது.

அவன் ஏன் தெரியாமல் போகிறான் என்பதற்கு மூளைக்குள்ளேயே ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. மேத்யூ பெஸ்டெக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருப்பவர்களுக்குத் திரையின் நடுவில் விறுவிறுப்பான படக் காட்சிகளைக் காட்டினார்கள். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டும் அவற்றில் ஒன்று. திரையின் ஓரங்களில் சதுரங்கக் கட்டம் போன்ற ஒரு வடிவம் மின்னிக்கொண்டே இருந்தது. கதையில் பதற்றம் ஏற ஏற, பார்வையின் ஓரத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. பதற்றம் தணிந்ததும் ஓரம் திரும்பி வந்தது. கண் அசையாமலேயே பார்வை குறுகுகிறது. பின்னணியில் இருக்கும் பையனுக்கு இதில் இடமில்லை.

இதெல்லாம் சரி, ஆனால் பள்ளம் பின்னணியில் இல்லை. திரை முழுக்க இருக்கிறது. கதாநாயகன் அதில் தொங்குகிறார். கவனம் குறுகியதால் தவறவிட்டோம் என்று இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வு உதவிக்கு வருகிறது. அது சினிமாவைப் பற்றியதே அல்ல.

ஒரு கதையைப் படிக்கும்போது மூளை வாக்கியங்களைச் சேமித்து வைப்பதில்லை. வாக்கியங்கள் சொல்லும் நிலைமையை ஒரு மாதிரியாகக் கட்டிக்கொண்டே போகிறது. யார் இருக்கிறார்கள், என்ன வேண்டும் அவர்களுக்கு, எது எதனால் நடந்தது, எப்போது, எங்கே என்று பல இழைகள். ரோல்ஃப் ஸ்வான், ஜோசப் மக்லியானோ, ஆர்தர் கிரேசர் மூவரும் 1995இல் இந்த இழைகளைத் தனித்தனியாக அளந்தார்கள். வாசகர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்தார்கள். கதையில் காலம் தாவினாலோ காரணம் அறுந்தாலோ படிக்கும் வேகம் தடைப்பட்டது. இடம் மாறினால்? முதல் வாசிப்பில் தடையே இல்லை. அதே கதையை இரண்டாம் முறை படித்தபோதுதான் இட மாற்றமும் வேகத்தில் தெரிந்தது.

அந்த இரவுக் காட்சியை இதை வைத்துப் பாருங்கள். டைனோசர் ஏன் வெளியே வந்தது? மின்சாரம் போனது. ஏன் போனது? டைனோசர் பூங்காவின் கணினியாளன் நெட்ரி, டைனோசர் கருக்களைத் திருடிக்கொண்டு ஓடுவதற்காக அணைத்தான். அது ஏன் முன்காருக்கு வந்தது? சிறுமி டார்ச் அடித்தாள். கிராண்ட் ஏன் மழையில் இறங்கினார்? குழந்தைகளைக் காப்பாற்ற, அதுவும் குழந்தைகள் என்றாலே ஒதுங்கும் ஆள் என்று படம் முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறது. காரணச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. நடப்பவை எல்லாம் இன்னாருக்கு இன்னது வேண்டும் என்பதிலிருந்து வருகின்றன. திரைக்கதை பிசகியது நிலப்பரப்பில் மட்டும். முதல் தடவை பார்க்கும் மூளை அதிகம் கணக்கு வைக்காத பேரேடு அது. படம் பார்த்துவிட்டு வந்து, நடுராத்திரியில் குளிர்பெட்டியைத் திறந்து எதையோ எடுக்கும்போதுதான் இந்தக் கேள்விகள் எழும் என்று ஹிட்ச்காக் சொல்வது வழக்கம். அவர் கணக்கில், அதுவரை தாக்குப்பிடித்தால் காட்சி வெற்றி.

‘கதை நல்லா இருக்கு, லாஜிக் பார்க்காதே’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் இரண்டு வகை லாஜிக்கைப் போட்டுக் குழப்புகிறோம் என்று எனக்குப் படுகிறது. ஒருவன் மெட்ராஸில் காரில் ஏறி அடுத்த ஷாட்டில் ஊட்டியில் இறங்கினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. முதல் பாதி முழுவதும் தம்பிக்காக உயிரை விடத் தயாராக இருந்தவன் இடைவேளைக்குப் பிறகு எந்தக் காரணமும் இல்லாமல் தம்பியை மறந்துவிட்டால், அப்போது தியேட்டரில் செல்போன் வெளிச்சங்கள் எழ ஆரம்பிக்கும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகளைப் பற்றி. தப்பாதவை இருக்கின்றன. ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் அடிப்படையே அப்படிப்பட்டது: மரப்பிசினில் சிக்கிய கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசர் ரத்தம், அதிலிருந்து டிஎன்ஏ. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்த ஒரு குழு, எலும்பிலுள்ள டிஎன்ஏவின் அரை ஆயுள் சுமார் 521 ஆண்டுகள் என்று 2012இல் கணக்கிட்டது. உறைநிலைக்குக் கீழே வைத்திருந்தாலும்கூட 68 லட்சம் ஆண்டுகளில் கடைசிப் பிணைப்பும் அற்றுப்போகும் என்பது அவர்கள் மதிப்பீடு. கடைசி டைனோசர்கள் மடிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

படத்துக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1993 ஜூன் 10ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில், லெபனான் நாட்டு மரப்பிசினில் கிடைத்த 12 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான வண்டு ஒன்றின் டிஎன்ஏவைப் படித்துவிட்டதாகக் கட்டுரை வந்தது. மறுநாள் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் வெளியானது. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்திருந்தாலும் இப்படி அமைந்திருக்காது! அந்த முடிவைப் பிறகு வந்த ஆய்வுகளால் உறுதிப்படுத்த முடியவில்லை. வெளியிலிருந்து கலந்த டிஎன்ஏவாக இருக்கலாம் என்ற சந்தேகமே வலுத்தது. ஆக, அந்த ஜூன் மாதத்தில் ஓட்டை சினிமாவில் மட்டும் இல்லை.

படத்தின் மற்ற பிழைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. மங்கோலியாவில் கிடைத்த நிஜமான வெலாசிராப்டர் ஏறத்தாழ வான்கோழி உயரம்தான். படத்தில் வருவது அதன் பெரிய உறவினரான டைனோநிகஸை ஒட்டி வடித்தது. டைலோஃபோசரஸ் விஷம் துப்பியதற்கும் கழுத்தில் குடை விரித்ததற்கும் எலும்பில் ஆதாரம் ஏதும் இல்லை. அசையாமல் நின்றால் டி. ரெக்ஸுக்குக் கண் தெரியாது என்கிற பேச்சும் கற்பனை. அதன் மண்டையோட்டை வைத்துக் கணித்தவர்கள், இரு கண்ணாலும் ஒருசேரப் பார்த்து ஆழம் அறியும் திறன் அதற்கு நன்றாகவே இருந்தது என்கிறார்கள். அப்படியானால் கிராண்டும் சிறுமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் மூக்குக்கு முன்னால் நிற்கும் காட்சி அந்த நொடியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இவை தெரிந்தவர்களும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எப்படி?

கவிஞர் கோலரிட்ஜ் 1817இல் ஒரு விளக்கம் சொன்னார்: நாம் மனமுவந்து நம் அவநம்பிக்கையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிறோம். இருநூறு ஆண்டுகளாக எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1993இல், டைனோசர் படம் வந்த அதே ஆண்டில், இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒதுக்கி வைப்பதற்கு அவநம்பிக்கை என்று ஒன்று முன்கூட்டியே தயாராக இருப்பதில்லை. சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்ளும் செயலே அதை ஏற்றுக்கொள்வதில்தான் தொடங்குகிறது. பொய் என்று தள்ளுவதற்குத் தனியாக உழைக்க வேண்டும். அதற்குத் தகவல் வேண்டும், அவகாசம் வேண்டும், மனமும் வேண்டும். நல்ல கதைசொல்லி இந்த மூன்றையும் நம்மிடமிருந்து மெதுவாகப் பிடுங்கிவிடுகிறார்.

தகவல் என்ற அம்சத்துக்குச் சுவாரசியமான ஒரு சோதனை உண்டு. யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பொய்யான கூற்றுகள் கலந்த கதையைக் கொடுத்தார்கள். கதை நடக்கும் களம் ஒரு பிரதியில் யேல், இன்னொன்றில் பிரின்ஸ்டன். அடுத்தவன் கல்லூரியில் நடந்த கதையைப் படித்தவர்கள் பொய்யை எளிதாக விழுங்கினார்கள். சொந்தக் கல்லூரியில் நடந்தது என்றால் எதிர்த்தார்கள். வழக்கறிஞர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட் சீன் பார்த்திருக்கிறீர்களா? ‘டைட்டானிக்’ படத்தில் நாயகி மரப்பலகையில் மிதந்தபடி அண்ணாந்து பார்க்கும் வானத்தில் நட்சத்திரங்கள் தப்பாக இருக்கின்றன என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் விடாமல் முறையிட்டு வந்தார். 2012இல் முப்பரிமாணப் பதிப்பு வந்தபோது ஜேம்ஸ் கேமரூன் அந்த ஒரு ஷாட்டைத் திருத்தினார். மற்ற எல்லோரும் அங்கே காதலனின் கை நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவகாசமும் மனமும் எப்படிப் போகின்றன என்பதை மெலனி கிரீன், டிமோத்தி பிராக் இருவரும் 2000இல் அளந்து பார்த்தார்கள். வணிக வளாகத்தில் ஒரு சிறுமி கொலையாகும் கதையைப் படிக்கக் கொடுத்து, வாசகர் அதில் எவ்வளவு மூழ்கினார் என்று கேள்விகள் மூலம் கணித்தார்கள். பிறகு பினோக்கியோவை அழைத்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் அந்த மரப்பொம்மைக்கு இந்தக் கதையில் எங்கெல்லாம் மூக்கு நீளும் என்று வட்டமிடச் சொன்னார்கள். ஆழமாக மூழ்கியவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். மூழ்கியதால் பொய் தெரியவில்லையா, பொய் தெரியாததால் மூழ்கினார்களா என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்பது என் ஊகம்.

இப்படி மூழ்கடிக்கும் வேலையைத் திரைப்படம் எவ்வளவு இறுக்கமாகச் செய்கிறது என்பதற்கு ஊரி ஹாசன் குழுவின் 2008 ஆய்வு நல்ல சான்று. பல பேருக்கு ஒரே படத்தைக் காட்டி, அவர்கள் மூளைகள் ஒரே நேரத்தில் ஒரேபோல் இயங்குகின்றனவா என்று பார்த்தார்கள். ஒரு பூங்காவில் காமிராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு மூளைப் புறணியில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் ஒத்துப்போனது. செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கு 45 சதவீதம். நிஜத் துப்பாக்கியைப் பொம்மை என்று நினைத்துத் தெருவில் திரியும் சிறுவனைப் பற்றி ஹிட்ச்காக் எடுத்த தொலைக்காட்சிப் படத்துக்கு 65 சதவீதத்துக்கும் மேல். இது தர மதிப்பெண் அல்ல. பார்ப்பவரைத் தன்போக்கில் அலையவிடும் மகத்தான படங்கள் உண்டு. எவ்வளவு தூரம் இயக்குநர் நம் தலைக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார் என்பதற்கான அளவு, அவ்வளவுதான்.

ஸ்பீல்பெர்க் அதை எதைக் கொண்டு பிடித்தார் என்பதற்கு அந்தத் தண்ணீர்த் தம்ளரே போதும். 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது கால் மணி நேரம்கூட இருக்காது. தம்ளர் அதிர்வை எடுக்கச் சிறப்பு விளைவுக் கலைஞர் மைக்கேல் லான்டியரி வெகுவாகத் திண்டாடினார். ஒரு வட்டம், அது முடிந்ததும் அதே மையத்திலிருந்து அடுத்த வட்டம். மேஜையை இடித்தால் தண்ணீர் குலுங்குகிறதே தவிர வட்டம் விழவில்லை. கடைசியில் கிட்டார் தந்தி ஒன்றை டாஷ்போர்டின் அடியிலிருந்து காரின் தரை வழியாகக் கட்டி, கீழே ஒருவர் படுத்து மீட்டினார். மிருகம் வருவதற்கு முன்பே அதன் எடை வந்துவிட்டது. இந்த எடையை நம்பியவர்களுக்கு மண்ணின் மட்டம் ஒரு பொருட்டா?

ஆனால் இதே தம்ளர் படத்தின் இறுதிக் காட்சியைக் காட்டிக்கொடுக்கிறது. பூங்காவின் வரவேற்புக் கூடத்தில் ராப்டர்கள் கிராண்ட் உட்பட நால்வரையும் சுற்றி வளைத்துவிட்டன. பாயப்போகும் ராப்டரை எங்கிருந்தோ வந்த டி. ரெக்ஸ் வாயில் கவ்வுகிறது. ஒரு மைல் தள்ளி நடந்தாலும் தண்ணீரை அதிர வைத்த மிருகம், கட்டடத்துக்குள் பூனைபோல் எப்படி நுழைந்தது? எந்த வாசல் வழியாக? இது வெறும் இடப் பிழை இல்லை. காரணமே அறுந்த பிழை. நான் மேலே சொன்ன கணக்குப்படி பார்வையாளர் இங்கே முகம் சுளித்திருக்க வேண்டும். கைதட்டினார்கள்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்பீல்பெர்க் இந்த முடிவை மாற்றினார். முதலில் எழுதி வைத்திருந்த முடிவில் டி. ரெக்ஸ் திரும்பி வரவே இல்லை. படத்தின் நாயகனே அந்த டைனோசர்தான், அது வராமல் முடித்தால் ஜனங்கள் ஏமாந்துபோவார்கள் என்று அவருக்குப் பட்டது. டேவிட் ராப், கெரிக் இருவரும் 2006இல் செய்த சோதனைகள் அவர் பக்கம் பேசுகின்றன: ஒரு கதையில் எது நடக்க வேண்டும் என்று வாசகர் ஆசைப்படுகிறாரோ, அது எது நடக்கச் சாத்தியம் என்ற அவர் கணிப்பையே வளைத்துவிடுகிறது. நாம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தவனிடம் எந்தக் கதவு வழியாக வந்தாய் என்று யார் கேட்பார்? எனக்கு அந்தக் காட்சியின் அபத்தம் நன்றாகவே தெரியும். மேலிருந்து பதாகை உதிர, டி. ரெக்ஸ் தலையை உயர்த்தி உறுமும்போது இன்னமும் மயிர்க்கூச்செறிகிறது.

இந்த மயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஆண்ட்ரூ பட்லரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சரித்திரப் பாடத்தைச் சரியான வடிவில் படித்தார்கள். அதே நிகழ்ச்சி பற்றிய சினிமாத் துண்டையும் பார்த்தார்கள். படம் பாடத்தோடு முரண்பட்ட இடங்களில் பலரும் தேர்வில் எழுதியது சினிமா சொன்னதை. ‘படத்தில் தப்புகள் இருக்கலாம்’ என்ற பொதுவான எச்சரிக்கை பெரிதாகப் பயன்படவில்லை. எந்த இடத்தில் என்ன தப்பு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பிழைகள் நன்றாகக் குறைந்தன. எட்டு வயதுக் குழந்தையோடு இந்தப் படத்தைப் பார்க்க உட்காருகிறவர்கள் ‘இதெல்லாம் சும்மா கதை’ என்று தலையைத் தடவிவிடுவதைவிட, ராப்டர் வரும்போது ‘நிஜத்தில் இது உன் இடுப்பு உயரம்தான், உடம்பெல்லாம் இறகு’ என்று சொல்வது பலன் தரும். குழந்தை அதற்காகப் பயப்படுவதைக் குறைத்துக்கொள்ளாது.

இறகு விஷயத்தில் பிந்தைய படங்கள் செய்த வேலை வேடிக்கையானது. வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுகள் பதிந்திருந்த முடிச்சுகள் 2007இல் கண்டறியப்பட்டன. அதற்குப் பின் 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்திலும் ராப்டர்கள் மொட்டைத் தோலோடுதான் ஓடின. ஆனால் இம்முறை ஹென்றி வூ என்ற விஞ்ஞானிப் பாத்திரம் அதற்குச் சமாதானம் சொல்கிறது: டிஎன்ஏவின் இடைவெளிகளை வேறு பிராணிகளின் மரபணுவால் அடைத்தோம், சுத்தமாக இருந்திருந்தால் இவற்றில் பல வேறு மாதிரி தோன்றியிருக்கும், நீங்கள் கேட்டது நிஜத்தை அல்ல, கூடுதல் பற்களைத்தான். இருபத்திரண்டு ஆண்டு அறிவியல் பிழையை ஒரே வசனத்தில் கதைக்குள் இழுத்துப் போட்டு, ‘நீங்கள்’ என்று நம்மையே கைகாட்டிவிட்டார்கள்.